'கிஃப்ட்' பரிசா, விஷமா, கல்யாணமா? ஒரு சொல்லின் தடம் பிடிக்கும் முறை

சித்தி மகன் மேற்படிப்புக்காக சுவீடன் போன புதிதில் ஒரு படிவத்தைப் படம் எடுத்து அனுப்பினான். ஓர் இடத்தில் இரண்டு கட்டங்கள். ஒன்றில் 'கிஃப்ட்' என்று நாலு எழுத்து. இன்னொன்றில் அதன் முன்னால் ஓர் 'ஓ' சேர்த்து 'ஓகிஃப்ட்'. "அண்ணே, ஊர்லேர்ந்து பரிசுப் பொருள் ஏதாவது கொண்டு வந்தியான்னு கேக்குறாங்களோ?" என்றான். இல்லை. கல்யாணம் ஆனவரா, ஆகாதவரா என்று கேட்கிறார்கள். அவன் அறைத்தோழன் ஜெர்மன்காரன்; அவன் ஊரில் அதே நாலெழுத்து எலி மருந்து டப்பாவில் மண்டையோட்டுப் படத்தோடு இருக்கும்.

பரிசு, திருமணம், விஷம். இதை வைத்து சுவீடன்காரர்கள் அடிக்கும் ஜோக்கை நீங்களே ஊகித்திருப்பீர்கள். ஜோக் நல்லதுதான், ஆனால் அது எதையும் விளக்காது. இப்படி ஒரு சொல் கையில் கிடைத்தால் அதன் தடத்தை நாமே எப்படிப் பிடிப்பது என்பதை இந்த ஒரே சொல்லை வைத்துக் காட்டுகிறேன். மொழியியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு நோட்டு, இணையம், கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும்.

முதலில் நோட்டில் ஒரு கட்டம் போடுங்கள்

மொழி, உச்சரிப்பு, இன்றைய பொருள், இலக்கணப் பால் என்று நான்கு பத்திகள். 'பால்' எதற்கு என்று இப்போது கேட்காதீர்கள். பிறகு அதுதான் கை கொடுக்கும்.

ஆங்கிலத்தில் கிஃப்ட், பரிசு. ஜெர்மனிலும் கிஃப்ட் என்றே ஒலிக்கும், ஆனால் விஷம். டச்சில் எழுத்து அதேதான், முதல் ஒலி மட்டும் தொண்டையிலிருந்து காறிக்கொண்டு வரும், பொருள் நன்கொடை. விஷத்துக்கு அங்கே 'டி' இல்லாத 'கிஃப்' அல்லது 'வெர்கிஃப்'. சுவீடிஷில் எழுதுவது 'கி', சொல்வது 'யிஃப்ட்'. பெயரடையாக வந்தால் மணமானவர், பெயர்ச்சொல்லாக வந்தால் விஷம். நார்வேயிலும் யிஃப்ட், இரண்டு பொருளும் உண்டு. டென்மார்க்கிலும் இரண்டும் உண்டு, ஒலி மட்டும் கடினமான 'கி'. ஐஸ்லாந்தில் 'கிஃப்தா' என்றால் நல்லதிர்ஷ்டம், 'கிஃப்தூர்' என்றால் மணமானவர். விஷம் என்ற பொருள் அங்கே இல்லை. இந்த 'இல்லை'யையும் கட்டத்தில் எழுதிவையுங்கள். புதிதாக வருபவர்கள் இருப்பதை மட்டுமே குறித்துக்கொள்வார்கள். பாதித் துப்பு இல்லாததில்தான் இருக்கும்.

சொல்லுக்குள் இருக்கும் வினையைத் தேடுங்கள்

தமிழில் 'கொடு' என்பதிலிருந்து 'கொடை', 'விடு' என்பதிலிருந்து 'விடை', 'நட' என்பதிலிருந்து 'நடை' வருகிறது. இதுபோல ஆங்கிலம், ஜெர்மன், டச்சு, சுவீடிஷ் எல்லாம் சேர்ந்த ஜெர்மானியக் குடும்ப மொழிகளில் வினையின் வாலில் ஒரு 'ட்' ஒட்டிப் பெயராக்கும் பழக்கம் உண்டு. ஆங்கிலத்தில் டிரைவ், டிரிஃப்ட். த்ரைவ், த்ரிஃப்ட். ஜெர்மனில் ஷ்ரைபன் என்றால் எழுதுதல், ஷ்ரிஃப்ட் என்றால் எழுத்து. அதே அச்சில் கிவ், கிஃப்ட். ஜெர்மனில் கேபன் (கொடுத்தல்), கிஃப்ட்.

ஆக, எல்லா வீட்டிலும் இருப்பது 'கொடை' என்ற ஒரே சொல்தான். எதைக் கொடுத்தார்கள், யாருக்குக் கொடுத்தார்கள் என்பதில்தான் வீடுகள் பிரிகின்றன. இனி நம் வேலை, ஒவ்வொரு மொழியிலும் என்ன கொடுக்கப்பட்டது என்று பார்ப்பது மட்டும்தான்.

சரியான அகராதியைத் திறங்கள்

கூகுளில் தேடினால் முதலில் வரும் படத்துணுக்குகளை விட்டுவிடுங்கள். விக்சனரி என்ற இணைய அகராதி தொடக்கத்துக்குப் பரவாயில்லை, அங்கேயே குடியிருக்க வேண்டாம். ஒவ்வொரு மொழிக்கும் 'வரலாற்று அகராதி' என்று ஒன்று இருக்கும். ஒரு சொல் எந்தக் காலத்தில் எந்தப் பொருளில் வந்தது என்பதை மேற்கோளோடு காட்டுவது அதன் வேலை.

ஆங்கிலத்துக்கு ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய அகராதி. 1884 இல் முதல் பகுதி வந்து 1928 இல் முதல் பதிப்பு முடிந்தது. இதற்குச் சந்தா வேண்டும். ஜெர்மனுக்கு கிரிம் சகோதரர்களின் அகராதி. ஆமாம், தேவதைக் கதைகள் தொகுத்த அதே கிரிம்கள். 1852 இல் முதல் பகுதி வெளியானது, முழுதும் முடிய 1961 ஆகிவிட்டது. யாக்கோப் கிரிம் 1863 இல் இறந்தபோது எட்டியிருந்தது 'எஃப்' எழுத்தில் 'ஃப்ருக்ட்', அதாவது கனி என்ற சொல்லை. ஆகவே 'கிஃப்ட்' பதிவு அண்ணன் தம்பி கை பட்டதல்ல, பின்னால் வந்தவர்கள் எழுதியது. டச்சுக்காரர்களின் பேரகராதி 1864 இல் தொடங்கி 1998 இல் முடிந்தது. சுவீடிஷ் அகாடமியின் அகராதி வேலை 1883 இல் தொடங்கி 2023 இல்தான் நிறைவு கண்டது. இந்த மூன்றும் இணையத்தில் இலவசம். மொழி தெரியாதே என்று தயங்காதீர்கள். பதிவின் முதல் நாலு வரியை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டாலே நமக்கு வேண்டியது கிடைத்துவிடும்.

பதிவுக்குள் சில குறிகள் வரும். சொல்லின் தலையில் நட்சத்திரம் இருந்தால், அந்த வடிவம் எந்த ஏட்டிலும் கல்வெட்டிலும் கிடைக்கவில்லை, மகள் மொழிகளை ஒப்பிட்டு அறிஞர்கள் மீட்டுருவாக்கியது என்று பொருள். நம் சொல்லுக்கு மூல ஜெர்மானிய வடிவமாக நட்சத்திரத்தோடு 'கிஃப்டிஸ்' என்று போட்டிருப்பார்கள். அம்புமுனை போன்ற குறி இடப்பக்கம் பார்த்தால் 'இதிலிருந்து வந்தது', வலப்பக்கம் பார்த்தால் 'இதுவாக மாறியது'. நட்சத்திரத்தைக் கவனிக்காமல் "அந்தக் காலத்தில் ஜெர்மானியர்கள் இப்படித்தான் எழுதினார்கள்" என்று சொல்லிவிட்டால், விஷயம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

ஒலி பொருந்தாத இடத்தில் நில்லுங்கள்

ஆங்கிலத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் முதல் ஒலி 'கி' அல்ல, 'யி'. இன்றைய சுவீடன் உச்சரிப்பைப் போலவே யிஃப்ட். பொருளும் பரிசு அல்ல, மணப்பெண்ணுக்காகக் கொடுக்கும் தொகை. அதையே பன்மையாகச் சொன்னால் திருமணம். 14 ஆம் நூற்றாண்டில் லண்டனில் எழுதிய கவிஞர் சாசர்கூட 'கிவ்' என்பதற்கு 'யிவ்', 'யெவ்' என்றுதான் எழுதுகிறார். பிறகு இந்தக் கடினமான 'கி' எங்கிருந்து வந்தது?

கப்பலில் வந்தது. வைக்கிங்குகள் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறியபோது கொண்டுவந்த பழைய நார்ஸ் மொழியில் அது கடின ஒலி. ஊர்க்காரர்களின் 'யி' ஒதுங்கியது, வந்தவர்களின் 'கி' உட்கார்ந்துவிட்டது. முட்டைக்கும் இதே கதைதான். 1490 இல் அச்சகக்காரர் வில்லியம் காக்ஸ்டன் ஒரு முன்னுரையில் எழுதியிருக்கிறார்: தேம்ஸ் ஆற்றில் கப்பல் நகராமல் நின்றபோது கரையிறங்கிய வணிகர் ஒருவர், கென்ட் பக்கத்தில் ஒரு வீட்டில் 'எக்ஸ்' கேட்டாராம். அந்த அம்மாள் "எனக்கு பிரெஞ்சு தெரியாது" என்றாளாம். அவருக்கோ கோபம், அவருக்கும் பிரெஞ்சு தெரியாது! கடைசியில் இன்னொருவர் 'ஐரென்' வேண்டும் என்று சொன்ன பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. எக் என்பது நார்ஸ் வழி வந்தது, ஐரென் ஊர்ச் சொல்லின் பன்மை. இங்கே பார்த்த 'யி', 'கி' போல ஒலி இடறினால் அதைப் பிழை என்று தள்ளிவிடாதீர்கள். அந்த இடத்தில் பெரும்பாலும் ஒரு கடன் ஒளிந்திருக்கும்.

கல்யாணப் பொருளுக்குச் சட்டப் புத்தகம் பாருங்கள்

சுவீடிஷில் 'யிஃப்டா' என்பது வினை. இன்று 'யிஃப்டா சே' என்றால் மணம் செய்துகொள்வது. பழைய பொருள் வேறு: தகப்பன் மகளை மணமுடித்துக் கொடுப்பது. அதன் செய்வினை, செயப்பாட்டு வினை கணக்கில் பார்த்தால், படிவத்தில் இருக்கும் 'யிஃப்ட்' என்பது 'கொடுக்கப்பட்டவள்'. பெண்ணைக் கொடுக்கும் உரிமை உள்ள ஆணுக்கு பழைய சுவீடன் சட்டத்தில் 'யிஃப்டுமான்' என்று பெயரே உண்டு. 1734 ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் முதல் பகுதியே 'யிஃப்டர்மோல்' பற்றிய, அதாவது திருமணம் பற்றிய பகுதிதான்.

இதை ஒரு ஐரோப்பிய மாணவருக்கு விளக்கப் பத்து நிமிடம் ஆகும். நமக்கு ஒரு நொடி. நாம் 'பெண் கொடுத்திருக்கிறோம்', 'பெண் எடுத்திருக்கிறோம்' என்றுதானே பேசுகிறோம்? இரண்டு குடும்பத்துக்கு இடையில் 'கொள்வினை கொடுப்பினை' உண்டா என்று கேட்கிறோம். அந்தக் கொடுப்பினை என்ற சொல்லையே இன்னொரு முறை பாருங்கள். "அதுக்கெல்லாம் ஒரு கொடுப்பினை வேணும்" என்றால் அங்கே அது அதிர்ஷ்டம். மணம் முடித்துக் கொடுப்பதும் விதி கொடுத்த நல்லூழும் ஒரே சொல்லில். ஐஸ்லாந்தின் 'கிஃப்தா', 'கிஃப்தூர்' இரண்டும் செய்வது இதைத்தான்! தமிழுக்கும் ஐஸ்லாந்து மொழிக்கும் குடும்ப உறவு கிடையாது, ஒன்றிலிருந்து ஒன்று வாங்கவும் இல்லை. மனிதர்கள் 'கொடு' என்ற வினையை வைத்துக்கொண்டு யோசித்தால் இரண்டு ஊரிலும் ஒரே தெருவுக்குத்தான் வந்து சேருகிறார்கள் போலிருக்கிறது. இப்படி ஒன்று கண்ணில் பட்டால் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் தனிப் பக்கத்தில். உறவுக்கான சான்றும் ஒப்புமையும் ஒரே பக்கத்தில் கலந்தால் பிறகு பிரிக்க முடியாது.

விஷத்துக்கு வருவோம்: பாலைப் பாருங்கள்

கட்டத்தில் நான்காவது பத்தி ஒன்று போட்டோமே, அது இப்போதுதான் வேலைக்கு வருகிறது. இன்றைய ஜெர்மனில் விஷம் 'தாஸ் கிஃப்ட்', அஃறிணை. ஆனால் 'மிட்கிஃப்ட்' என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். பெண்ணோடு கூடவே கொடுத்தனுப்புவது, சீதனம். அது 'தீ மிட்கிஃப்ட்', பெண்பால். ஒரே சொல் தனியாக நின்றால் ஒரு பால், கூட்டுச்சொல்லில் வேறு பாலா?

பழைய ஜெர்மனில் 'தீ கிஃப்ட்' என்றே பெண்பாலில் ஒரு சொல் இருந்தது, நம் 'கொடை' என்ற பொருளில். விஷப் பொருளும் அதே சொல்லிலிருந்து கிளைத்ததுதான். கிளைத்த பிறகு மெல்ல மெல்ல வேறு பாலுக்கு நகர்ந்து தன்னை வேறுபடுத்திக்கொண்டது. நடுவில் 'தேர் கிஃப்ட்' என்று ஆண்பாலிலும் கொஞ்ச காலம் வாழ்ந்திருக்கிறது. கொடை என்ற பொருளுக்கு 'காபே' என்ற சொல் இருந்ததால் பெண்பால் கிஃப்ட் வழக்கொழிந்தது. சீதனத்தில் மட்டும் அது பத்திரமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்படிக் கூட்டுச்சொல்லின் பரணில் பழம்பொருள் கிடைப்பது வழக்கமான விஷயம். அதனால் ஒரு சொல்லை மட்டும் தேடாமல், அது வாலாகவும் தலையாகவும் வரும் கூட்டுச்சொற்களை எல்லாம் ஒரு சுற்றுத் தேடுங்கள். இன்னொன்று: வினையையும் விடாதீர்கள். டச்சில் 'வெர்கேவன்' என்றால் மன்னிப்பது. அதே வினைக்குப் பழைய வழக்கில் விஷம் வைப்பது என்றும் பொருள் உண்டு. எந்தப் பொருளில் சொல்கிறார்கள் என்று தெரியாமல் சாப்பிட உட்காரக் கூடாது.

அந்த நாற்காலியில் முன்பு யார் உட்கார்ந்திருந்தார்கள்?

விஷத்துக்கு 'கிஃப்ட்' வருவதற்கு முன்பும் ஜெர்மானியர்களுக்கு விஷம் தெரியும் அல்லவா? அதற்கு என்ன சொன்னார்கள்? ஜெர்மனின் மிகப் பழைய வடிவமான பழைய உயர் ஜெர்மனில் 'ஐதர்'. புதுச் சொல் வந்ததும் பழையது ஓரமாகத் தள்ளப்பட்டு, இன்று 'ஐடர்' என்றால் சீழ். ஐஸ்லாந்தில் தள்ளுமுள்ளே நடக்கவில்லை. அங்கே இன்றும் விஷத்துக்கு 'எய்துர்'தான். முதல் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினோமே, காரணம் இதுதான். விஷப் பொருள் ஜெர்மன் நிலத்தில் பிறந்து வடக்கே டென்மார்க், சுவீடன், நார்வே வரை போனது. அட்லாண்டிக் நடுவே இருக்கும் தீவில் அது ஊன்றவில்லை. டேனிஷில் சிலந்திக்கு 'எடர்கோப்' என்று பெயர். அதன் முன்பாதியில் இருப்பது அதே பழைய விஷம்தான்.

ஏன் 'கொடை' விஷமானது?

பொருள் மாற்றத்துக்கு ஒரு காரணம் சொல்லாமல் தடம் முடியாது. காரணத்தைத் தேட வேண்டிய இடம் மருத்துவர்கள் பேசிய மொழி, அதாவது கிரேக்கமும் லத்தீனும். கிரேக்கத்தில் 'தோசிஸ்' என்றால் கொடுத்தல். மருத்துவர் ஒரு வேளைக்குக் கொடுக்கும் அளவுக்கும் அதே பெயர். அது லத்தீன் வழியே வந்தபோது ஜெர்மன்காரர்கள் அந்தப் பொருளைத் தங்கள் 'கிஃப்ட்' மீது ஏற்றினார்கள். விஷம் என்று வாய்விட்டுச் சொல்லக் கூசும் இடத்தில் 'கொடுத்தது' என்று நாசூக்காகச் சொல்லலாம் பாருங்கள். நாசூக்கு நாளடைவில் தேய்ந்து நேரடிப் பொருளாகிவிட்டது.

நம் வீட்டு அலமாரியைத் திறந்தால் எலி மருந்து இருக்கும், பூச்சி மருந்து இருக்கும். எலியைக் குணப்படுத்தவா வைத்திருக்கிறோம்? அதே நாசூக்கு. கிரேக்கத்தில் 'ஃபார்மகான்' மருந்தும் விஷமும். ரோமானியச் சட்ட அறிஞர் கயுஸ், 'வெனேனும்' என்று சொல்பவர் நல்லதா கெட்டதா என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மருந்துகளும் வெனேனும்தான் என்று எழுதியிருக்கிறார். அந்த வெனேனும் அதற்கும் முன்பு வசிய மருந்து. காதல் தெய்வம் வீனஸ் பெயரோடு உறவுடையது. பிரெஞ்சு 'புவாசோன்' (விஷம்) லத்தீன் 'போதியோ', அதாவது வெறும் பானம் என்பதிலிருந்து வந்தது. அதுவும் முதலில் பெண்பாலாக இருந்து பிறகு ஆண்பாலுக்கு மாறியிருக்கிறது. விஷத்துக்கென்று பிறந்த சொல்லை ஐரோப்பாவில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அப்புறம் ஒரு சின்ன லாபம். கிரேக்கத் தோசிஸ்தான் ஆங்கிலம் வழியே நமக்கு 'டோஸ்' ஆக வந்தது. மேலதிகாரி விடும் டோஸும் அதுதான். அதன் வேரும் வடமொழித் 'தானம்' என்பதன் வேரும் ஒன்றே. கன்னிகாதானம் செய்பவரும் இரண்டு டோஸ் எழுதித் தரும் டாக்டரும் ஒரே வேர்ச்சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். இதை உறவுப் பக்கத்தில் எழுதலாம். ஆனால் 'கிஃப்ட்' இந்த வேரில் வராது, அது வேறு வேர்.

நான் விழுந்த குழி

ஜெர்மனில் 'ஹாபன்' என்றால் வைத்திருத்தல். லத்தீனில் 'ஹபேரே' என்றாலும் வைத்திருத்தல். ஒலியும் ஒன்று, பொருளும் ஒன்று. உறவுதான் என்று பல வருடம் நம்பி, ஒரு கூட்டத்தில் சொல்லியும் விட்டேன். பின்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்து, "தம்பி, லத்தீன் 'ஹ' ஜெர்மனில் என்னவாகும்?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

பதில் இதுதான். லத்தீனில் 'க' இருக்கும் இடத்தில் ஜெர்மானிய மொழிகளில் 'ஹ' வரும்: லத்தீன் கோர்னு, ஆங்கிலம் ஹார்ன். லத்தீன் கெண்டும், ஆங்கிலம் ஹண்ட்ரட். லத்தீனில் 'ஹ' இருந்தால் இங்கே 'கிஃப்ட்' சொல்லின் தலையில் வரும் கடின ஒலி வரும்: ஹோஸ்டிஸ், கெஸ்ட். லத்தீன் ஹோர்டுஸ் (தோட்டம்), ஜெர்மன் கார்ட்டன். இந்தக் கணக்குப்படி ஹாபனுக்கு ஜோடி 'காபெரே', அதாவது பிடித்தல். ஹபேரேவுக்கு ஜோடி, பெரும்பாலான அறிஞர்கள் சொல்வதுபோல, நம் கேபன், கிவ்! வைத்திருப்பதும் கொடுப்பதும் ஒரே வேரில் பிறந்து, நான் தேடிய ஜோடி பக்கத்து வீட்டிலேயே இருந்திருக்கிறது. பிரெஞ்சில் விஷத்துக்கும் மீனுக்கும் ஒரு 'எஸ்'தான் வித்தியாசம், அதை நம்பி உறவு கட்டுபவர்களும் உண்டு. மீன் வந்தது 'பிஸ்கிஸ்' என்ற வேறு சொல்லிலிருந்து. ஒரே மாதிரி ஒலிப்பதைப் பார்த்ததும் சந்தேகப்படுங்கள். ஒழுங்காக மாறி ஒலிப்பதைத்தான் நம்ப வேண்டும்.

இதே முறையில் நீங்களே ஒன்று செய்து பாருங்கள். ஆங்கிலத்தில் 'மிஸ்ட்' என்றால் மூடுபனி. ஜெர்மனில் அதே 'மிஸ்ட்' என்றால் சாணக் குப்பை, எரிச்சலில் "சே!" என்று சொல்லவும் அதுதான். இரண்டும் உறவா? ஜெர்மன் பதிவுக்கு நேரே போகாமல் முதலில் டச்சு அகராதியைத் திறங்கள். அங்கே மூடுபனிக்கு 'மிஸ்ட்', எருவுக்கு 'மெஸ்ட்'.